தேவலோகம் எப்படிச் சரிகிறது? படைக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி சுருக்கமாக இது: "மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். யுகயுகமாகச் செழித்த ஒரு தேவலோகம் அதில் சரிந்து போகிறது. அசுரப் படை வந்து ஒரே நாளில் பிடித்தது என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. அமுதம் உண்டவர்கள் எப்படித் தோற்பார்கள்? நம் புராணங்களில் இந்தச் சரிவு எந்த வரிசையில் நடக்கிறது? அதில் எதை எடுத்துக்கொள்ளலாம்?"

படையிலிருந்து தொடங்கியதால்தான் சப்பென்று இருக்கிறது. புராணங்களில் தேவலோகம் கைமாறும் முக்கியமான கதைகளை எடுத்துப் பாருங்கள். படை வந்து நிற்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே அந்த ஊர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். ஏனென்றால் தேவலோகம் எதையும் விளைவிக்காத ஊர். அங்கே உழவு இல்லை, நெசவு இல்லை, தவமும் இல்லை. அங்கே போனவர்கள் செய்ததன் பலனை அனுபவிக்கலாமே தவிர, புதிதாக ஒரு நல்வினை செய்து சேர்த்துக்கொள்ள முடியாது. மகாபாரத வனபருவத்தில் முத்கலரை அழைத்துப்போக விமானத்தோடு வரும் தேவதூதனே இதைச் சொல்கிறான். குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு துரோணம் (பழைய தானிய அளவு) சேர்த்து வாழ்ந்தவர் முத்கலர். சொர்க்கத்தின் குறை என்ன என்று அவர் கேட்க, தூதன் மறைக்காமல் சொல்கிறான்: அங்கே கொண்டுபோன புண்ணிய முதல் கரையும், பெருகாது. முத்கலர் விமானத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். உங்கள் நாவலுக்கு அடிப்படை விதி வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது.

அப்படியானால் அந்த ஊர் எதனால் ஓடுகிறது? வரவு பூமியிலிருந்து. வேள்வியில் சொரியும் அவி ஒன்று. தேவர்களை "அவியுணவின் ஆன்றார்" என்று குறளே சொல்கிறது. புண்ணியத்தோடு மேலே வரும் மனிதர்கள் இன்னொன்று. இவற்றுக்கு மேல் திரு, அதாவது இலட்சுமியின் இருப்பு. பதிலுக்கு அங்கிருந்து கீழே போவது மழை. வான்சிறப்பு அதிகாரத்தின் 18ஆம் குறள் இந்தச் சுற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது: வானம் வறண்டால் வானோர்க்குப் பூசனையும் நடக்காது. மழை நின்றால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாவிட்டால் அவி இல்லை. அவி இல்லாவிட்டால் மழை தருகிறவனுக்கே வலு இல்லை. இந்த வளையத்தில் எந்த இடத்தில் முதல் கண்ணி அறுகிறது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் சரிவின் பாதி எழுதியாயிற்று.

அறுவதற்குத் தகுந்த இடம் அக்கினி. அவன்தான் அவியைச் சுமந்து மேலே கொண்டுபோகிறவன், ஆகவே குறைவு முதலில் தெரிவதும் அவனுக்கே. ஆதிபருவத்தில், பிருகு முனிவர் அவனை "எதையும் தின்பவன் ஆவாய்" என்று சபிக்க, அவன் எல்லா வேள்விக் குண்டங்களிலிருந்தும் தன்னை இழுத்துக்கொள்கிறான். ஒரே ஒருவன் வேலையை நிறுத்தியதில் மூவுலகும் முடங்கி, முனிவர்களும் தேவர்களும் பிரமனிடம் ஓடுகிறார்கள். அதே பருவத்தில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சுவேதகி என்ற அரசன் பன்னிரண்டு ஆண்டு இடைவிடாமல் நெய் சொரிந்து வேள்வி செய்ததில் அக்கினிக்குச் செரிமானம் கெட்டு, உடல் வெளுத்து, வேறு யாருடைய அவியையும் ஏற்க மனமில்லாமல் போகிறது. காண்டவ வனம் எரிந்தது அந்த நோய் தீரத்தான். வரவு குறைந்தாலும் கேடு; ஒரே இடத்திலிருந்து மட்டுமீறி வந்தாலும் கேடு. ஒரு பெரும் பேரரசன் மட்டும் வேள்வி செய்ய, சிற்றூர்கள் எல்லாம் நிறுத்திவிட்ட காலம் என்று நீங்கள் வைத்தால், தேவலோகம் வெளியே கொழுத்தும் உள்ளே நோயோடும் இருப்பதைக் காட்டலாம். வெறும் வறட்சியைவிட இது செழுமையான தொடக்கம்.

காரண வரிசையை இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய இடம் என்றால் விஷ்ணு புராணம் முதல் அம்சம், ஒன்பதாம் அத்தியாயம். துர்வாசர் ஒரு வித்யாதரப் பெண்ணிடம் சந்தான மலர் மாலையைக் கேட்டு வாங்கி, எதிரே ஐராவதத்தில் வரும் இந்திரனுக்குத் தருகிறார். இந்திரன் அதை யானையின் தலையில் வைக்கிறான். யானை மணத்துக்கு மயங்கித் துதிக்கையால் எடுத்து முகர்ந்து தரையில் போடுகிறது. "உன் மூவுலகும் திருவை இழக்கட்டும்" என்று சாபம் விழுகிறது. இந்திரன் யானையைவிட்டு இறங்கிக் கெஞ்சியும் பயனில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்து வருவதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் செடிகொடியும் மூலிகையும் வாடுகின்றன. பிறகு வேள்விகள் நிற்கின்றன. தவசிகள் தவம் செய்வதில்லை. மனிதர்களுக்குக் கொடுக்கும் மனம் போகிறது. எல்லா உயிரும் அற்பப் பொருளுக்குக் கூட ஆசைப்படத் தொடங்குகின்றன. திரு போனால் சத்துவம் போகும், சத்துவம் போனால் நற்குணம் போகும், குணம் போனால் வலிமை போகும் என்று புராணமே விளக்கம் சொல்கிறது. இவ்வளவும் ஆன பிறகுதான் தைத்தியர்கள், அதாவது அசுரர்கள், வருகிறார்கள். தேவர்கள் தோற்று, அக்கினியை முன்னிட்டுக்கொண்டு பிரமனிடம் போகிறார்கள்.

இந்த வரிசையில் தாவரம் முதலில், குணம் நடுவில், போர் கடைசியில். குணம் கெடும் நடுக்கட்டத்துக்குத்தான் நாவலில் அதிக இடம் ஒதுக்க வேண்டும். தேவர்கள் ஒருவருக்கொருவர் பங்கைக் கணக்குப் பார்ப்பது, வருணன் பங்கிலிருந்து வாயு எடுப்பது, சுதர்மை சபையில் இருக்கைக்குச் சச்சரவு, நந்தனவனத்து மலருக்குக் காவல் போடுவது எல்லாம் அங்கே வர வேண்டும். கேட்டதைத் தரும் கற்பகம் இருக்கும் ஊரில் முதல் பூட்டு தொங்கும் காட்சி, பத்துப் பக்கப் போரைவிடப் பேசும்.

உடம்பில் தெரியும் அடையாளங்களையும் மறந்துவிடாதீர்கள். தேவருக்கு வியர்வை இல்லை, கண் இமைக்காது, கால் நிலத்தில் தோயாது, மாலை வாடாது. தமயந்தி தன் சுயம்வரத்தில், தேவர்கள் நால்வரும் நளன் உருவில் நிற்க, ஐந்து நளன்களில் உண்மை நளனைக் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான். ஆகவே சரிவை எழுதும்போது இந்த ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். பௌத்த மரபு இதை ஐந்து குறிகளாகவே வரையறுத்திருக்கிறது: மாலை வாடும், ஆடையில் அழுக்குப் படியும், அக்குளில் வியர்க்கும், மேனி நிறம் குன்றும், தன் இருக்கையில் இருப்புக் கொள்ளாது. முதல் நான்கும் மற்றவர் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவது அவனுக்கு மட்டுமே தெரியும். ஐந்தாவதை முதலில் வரச் செய்தால் கதை ஆழமாகும்: வைஜயந்த மாளிகையில் எல்லாம் இருந்தும் இருக்கையில் உட்கார முடியாத ஓர் இந்திரன். வியர்வையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தபின் மறைக்க முடியாது. இந்தக் குறிகளை முதலில் கவனிப்பவர் அரசனாக இருக்க வேண்டாம். மாலை தொடுப்பவள், அரம்பையருக்கு ஆடை எடுத்துக் கொடுப்பவள், குதிரைகளை அறிந்த தேரோட்டி மாதலி போன்றவர்கள்தான் கைப்பட அறிவார்கள்.

இனி காலக்கணக்கு. எழுதுபவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கே. மனிதரின் ஓர் ஆண்டு தேவருக்கு ஒரு நாள். 360 மனித ஆண்டு ஒரு தேவ ஆண்டு. 12,000 தேவ ஆண்டு ஒரு சதுர்யுகம். மனிதக் கணக்கில் 43,20,000 ஆண்டு. ஓர் இந்திரனின் பதவிக்காலம் ஒரு மன்வந்தரம். 71 சதுர்யுகம், அதாவது 30,67,20,000 ஆண்டு. இதைக் கீழே இறக்கிப் பாருங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதால், தேவலோகத்து ஒரு நாழிகை பூமியில் 6 நாள். பூமியில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் என்றால் மேலே பன்னிரண்டே நாள். இந்திரன் ஒரு மாதம் ஆலோசித்தால் கீழே 30 ஆண்டு, ஒரு தலைமுறை போய்விடும். மந்திரம் தெரிந்தவர்கள் செத்து, தெரியாத பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். தேவர்கள் சோம்பேறிகளாகவோ முட்டாள்களாகவோ இல்லாமலே தோற்க இந்தக் கணக்கு ஒன்றே போதும். நல்ல அமைச்சர்கள், ஒழுங்கான சபை, ஒரு மாதத்தில் முடிவு எல்லாம் இருந்தும் காலம் கடந்துவிட்டது என்று எழுதலாம். துயரக்கதைக்கு இது நல்ல அச்சாணி.

அதே கணக்கில் உத்தராயணம் தேவர்களின் பகல், தட்சிணாயனம் இரவு. நம் மார்கழி அவர்களுக்கு வைகறை. கோயில்களில் அந்த மாதம் முழுக்க விடியுமுன் பூசை நடப்பது இதனால்தான் என்று சொல்வது வழக்கம். ஆடி பிறந்தால் அங்கே அந்தி. உங்கள் அசுரர் தலைவன் கணக்குத் தெரிந்தவனாக இருந்தால் ஆடி முதல் தேதியில் புறப்படுவான். அவனுக்கு ஆறு மாதம் கிடைக்கும், தேவலோகத்துக்கு அது ஓர் இரவு. நீங்கள் எழுதத் தயங்கிய "ஒரே இரவில் வீழ்ந்தது" இப்போது நம்பும்படி ஆகிவிடுகிறது. ஒரே எச்சரிக்கை: அட்டவணை ஒன்று போட்டு, எல்லாக் காட்சிக்கும் மேல்நாள், கீழாண்டு இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தூதன் ஒருவன் பூமிக்குப் போய் நான்கு நாளில் வந்தான் என்று ஓரிடத்தில் மனிதக் கணக்கிலும், இன்னோர் இடத்தில் தேவக் கணக்கிலும் எழுதிவிட்டால் கட்டடமே ஆடிப்போகும்.

அமுதம் உண்டவர்கள் எப்படித் தோற்பார்கள் என்ற கேள்விக்கு நேர் பதில்: அமுதம் உயிரைக் காக்கும், இடத்தைக் காக்காது. புராணங்களில் தேவர்கள் பெரும்பாலும் இழப்பது உயிரை அல்ல. இழப்பது பதவி, அவியில் பங்கு, தேஜஸ் (உள்ளொளி), ஊர். இந்திரன் என்பதே ஆள் பெயரல்ல, பதவிப் பெயர். இப்போதைய இந்திரன் புரந்தரன். அடுத்த மன்வந்தரமான சாவர்ணியில் அந்த இருக்கை மகாபலிக்கு. நூறு அசுவமேதம் முடித்தவன் அதற்குத் தகுதி பெறுகிறான் என்பதால்தான் சதக்கிரது என்ற பெயர். அதனால்தான் பூமியில் எவனாவது தொண்ணூற்றொன்பது முடித்தான் என்றால் இந்திரனுக்கு உறக்கம் போகிறது. மாளிகையை மேலும் மேலும் பெரிதாக்கி விசுவகர்மாவை வாட்டிய இந்திரனுக்கு, சாரை சாரையாகப் போகும் எறும்புகளைக் காட்டி "இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இந்திரன்" என்று ஒரு சிறுவன் சொல்லும் கதை பிரம்மவைவர்த்த புராணத்தில் இருக்கிறது. சாவில்லாதவனுக்கு நேரும் இழப்பு, சாகிறவனுக்கு நேர்வதைவிட நீளமானது. உங்கள் கதையின் அச்சம் அங்கிருந்து வர வேண்டும்.

பதவி காலியானாலே என்ன ஆகும் என்பதற்கு நகுஷன் கதை. விருத்திரன் என்ற அசுரனைக் கொன்ற பழி துரத்த, இந்திரன் தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். அரியணை வெறுமையான உடனே பூமியில் மரங்கள் காய்கின்றன, ஆறுகள் அறுகின்றன. பயந்துபோன தேவர்களும் முனிவர்களும் பூமியின் அரசன் நகுஷனைக் கூட்டிவந்து அமர்த்துகிறார்கள். தன் வலிமை போதாது என்கிறான் அவன். அவர்கள் தங்கள் தவத்தில் பங்கு கொடுத்து, அவன் பார்வையில் படுகிறவர்களின் தேஜஸெல்லாம் அவனுக்குச் சேரும் என்று வரமும் தருகிறார்கள். நடக்கப்போகும் கேடு முழுவதும் அந்த ஒரு விதிமுறைக்குள் இருக்கிறது. எதிரில் நிற்பவரை எல்லாம் வலுவிழக்கச் செய்யும் அரசனை யார் தட்டிக் கேட்பது? அவன் இந்திரன் மனைவி சசியைக் கேட்கிறான். முனிவர்களைப் பல்லக்குத் தூக்க வைக்கிறான். அகத்தியர் தலையில் காலை வைக்கிறான். பதினாயிரம் ஆண்டு பாம்பாகக் கிடக்க விழுகிறான். உள்ளிருந்து நடக்கும் சரிவுக்கு இதைவிடக் கூர்மையான மாதிரி இல்லை. வெளிப்பகைவன் ஒருவன்கூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு திரும்பத் திரும்ப வரும் காரணம் குரு. பாகவதம் ஆறாம் கந்தத்தில், சபைக்கு வந்த தேவகுரு பிருகஸ்பதியைக் கண்டு இந்திரன் எழுந்திருக்கவில்லை. அவர் எதுவும் பேசாமல் போய் மறைகிறார். செய்தி தெரிந்த அசுரர்கள் உடனே தாக்குகிறார்கள். அவசரத்துக்கு விசுவரூபனைக் குருவாக வைக்கிறார்கள். அவன் தாய் அசுர குலம் என்பதால் அவன் மறைவாக அசுரர்களுக்கும் அவிப்பங்கு தருகிறான். தெரிந்ததும் இந்திரன் அவன் மூன்று தலையையும் வெட்டுகிறான். அவன் தந்தை துவஷ்டா வேள்வியிலிருந்து விருத்திரனை எழுப்புகிறார். அவனைக் கொல்லத் ததீசி முனிவரின் எலும்பு தேவைப்படுகிறது. அந்தக் கொலைப் பழிதான் இந்திரனைத் தாமரைத் தண்டுக்குள் தள்ளி, நகுஷனை வரவழைக்கிறது. எழுந்து நிற்காத ஒரு கணத்திலிருந்து இவ்வளவும். ஒவ்வொரு தவறையும் சரிசெய்ய எடுத்த முயற்சியே அடுத்த தவறைப் பெறுகிறது. கதைப்பின்னல் கற்க விரும்புபவர் இந்தப் பகுதியைத் தாளில் கோடு போட்டு வரைந்து பார்க்கலாம்.

அசுரர் பக்கத்தை வெறும் கொடுமையாக எழுதினால் எல்லாம் வீணாகும். மகாபலி வென்றது ஒழுக்கத்தால். பாகவதம் எட்டாம் கந்தத்தில் அவன் அசுரகுரு சுக்கிரரையும் பிருகு குலத்தாரையும் பணிந்து விசுவஜித் வேள்வி செய்கிறான். தீயிலிருந்து தேர், சிங்கக்கொடி, வில், அம்பு குறையாத தூணி, கவசம் வருகின்றன. பாட்டன் பிரகலாதன் வாடாத மாலை தருகிறான். சுக்கிரர் சங்கு தருகிறார். வாடாத மாலை இப்போது எவர் கழுத்தில் இருக்கிறது பாருங்கள். அமராவதியைச் சூழ்ந்து அவன் சங்கை ஊத, இந்திரன் பிருகஸ்பதியிடம் ஓடுகிறான். "இப்போது இவனை எதிர்க்க முடியாது, ஊரைவிட்டுப் போய், அவன் காலம் மாறும்வரை மறைந்திரு" என்கிறார் குரு. தேவர்கள் வேறு வேறு உருவம் எடுத்துக் கலைகிறார்கள். மகாபலி வெற்று நகரத்துக்குள் நுழைகிறான். ஒரு வாள் கூடச் சுழலவில்லை. உங்கள் உச்சக் காட்சிக்குப் போர் தேவையே இல்லை என்பதற்கு இது சான்று.

ஊர் போன பிறகு என்ன என்பதைத் தமிழில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் எழுதிய அளவுக்கு விரிவாக எழுதியவர் அரிது. சூரபத்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் பெற்றவன். அவன் தேவர்களைக் கொல்லவில்லை, வேலை வாங்கினான். கடல் மீனைப் பிடித்து அசுரர்களுக்குக் கொண்டுவந்து கொடு என்பது இந்திரனுக்கு இட்ட ஏவல். அவியுணவு உண்டவன் மீன் சுமக்கிறான். இழிவு பொறுக்காமல் இந்திரன் இந்திராணியோடு சீகாழிக்கு வந்து, மூங்கிலாய் மறைந்திருந்து நந்தவனம் வைத்துச் சிவனை வழிபடுகிறான். மழையின் தலைவன் வைத்த தோட்டம் மழையில்லாமல் வாடுகிறது! விநாயகர் காகமாய் வந்து அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்க்க, காவிரி பெருகித் தோட்டம் தழைக்கிறது. அங்கே மேலே, மகன் சயந்தன் சூரபத்மன் மகன் பானுகோபனோடு பொருது தோற்றுச் சிறைப்பட, அமராவதி எரிகிறது. பறிபோன ஊரின் அரசன், ஒரு சிற்றூரில் பூவுக்குத் தண்ணீர் தேடும் காட்சி, எரியும் அமராவதியைவிட வலிக்கிறது. நாவலில் நகரம் எரிவதை நான்கு வரியில் முடித்துவிட்டு, தோட்டத்துக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

சரிவு எந்த அளவுக்கு வந்துவிட்டது என்று வாசகருக்குக் காட்ட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் மணிமேகலையைத் திருப்பிப் போடலாம். அதில், மகனை இழந்த துயரத்தில் சோழன் 28 நாள் இந்திர விழாவை எடுக்க மறக்க, கடல் எழுந்து புகாரைக் கொள்கிறது. விழா நின்றால் தண்டிக்கும் வலு அப்போது வானுக்கு இருந்தது. உங்கள் கதையில் ஒரு நகரம் விழாவை நிறுத்தட்டும். மக்கள் கடலைப் பார்த்து அஞ்சியபடி காத்திருக்கட்டும். கடல் எழாமல் இருக்கட்டும். மறு ஆண்டு பக்கத்து ஊரும் நிறுத்தும். அந்த அமைதியான அலையைக் கண்டு மேலே ஒருவன் மட்டும் நடுங்குவான்.

மீட்சி எழுதப்போகிறீர்கள் என்றால் விலை இல்லாமல் எழுதாதீர்கள். திருமால் வந்து காப்பாற்றினார் என்று முடித்தால் முன்னால் எழுதியதெல்லாம் தளர்ந்துவிடும். புராணங்களில் மீட்சி எப்போதும் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. ததீசி தன் எலும்பைக் கொடுத்தார். தேவர்களின் தாய் அதிதி பால்குன மாத வளர்பிறையில் பாலை மட்டும் உண்டு பன்னிரண்டு நாள் பயோவிரதம் இருந்தாள். அதன்பின் வாமனன் பிறந்தான். பாற்கடலைக் கடைய அசுரரோடு உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது. பாகவதத்தின்படி முதலில் வந்தது அமுதமல்ல, ஆலகாலம். இந்திரனின் பழியை நிலம், மரம், பெண், நீர் நான்கும் பங்கிட்டுக்கொண்டன. நிலத்தில் உவர், மரத்தில் பிசின், நீரில் நுரை எல்லாம் அந்தப் பங்கு. தேவலோகம் மீண்டது என்று எழுதும்போது, அதற்காகப் பூமியில் எது உவர்ந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

மீட்சி இல்லாமல் முடிக்க நினைத்தால் பௌத்த மரபு ஒரு காட்சி வைத்திருக்கிறது. ஐந்து குறியும் தெரிந்துவிட்ட தேவனைச் சுற்றி மற்றத் தேவர்கள் கூடி, நற்கதிக்குப் போ என்று வாழ்த்தி அனுப்புகிறார்கள். தேவர்களுக்கு நற்கதி எது என்று புத்தரிடம் கேட்கிறார்கள். மனிதப் பிறப்பு என்கிறார் அவர்.